உதறலின் பூர்வோத்தரம்

நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை பாயும்படி அமைந்த டிரக் ஒன்றைப் பழைய வண்டியாக விலைக்கு வாங்கியவர், வாங்கிய மாதத்துக்குள்ளாகவே இரண்டு புகார்களோடு பட்டறை வாசலில் போய் நிற்பது வெகு சகஜம். ஒன்று, ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு வேகத்தில் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறுகிறது. மற்றொன்று, பாதையில் சிறு மேடு வந்தாலும் வண்டி ஆளைத் தூக்கிப் போடுகிறது. இரண்டையும் வண்டியின் வயோதிகத்தின்மேல் சுமத்திவிட்டுக் கழன்றுகொள்வது விற்றவருக்குச் சௌகரியமாக இருக்கலாம். ஆனால் இவ்வகை வண்டிகளின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பவருக்கு, வயோதிகம் அங்கே நிமித்த காரணம் மாத்திரமே என்பதும், அந்த இரண்டு புகார்களும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை என்பதும், அவற்றின் விதை வேறொரு லாபத்தை உத்தேசித்துத் தெரிந்தே ஊன்றப்பட்டது என்பதும் புலப்படாமல் போகா.

மோட்டார் வண்டி தோன்றிய நாள் முதல் ஏறக்குறைய நாற்பதாண்டுக் காலம், குதிரை வண்டியிடமிருந்து சீதனமாகப் பெற்ற அமைப்பே அதன் முன்புறத்தைத் தாங்கி வந்தது. குறுக்கே ஓர் இரும்பு அச்சு. அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள். அச்சின்மேல் பட்டைகளை அடுக்கிக் கட்டிய வில். அந்த வில்லின்மேல் வண்டியின் சட்டம். லண்டனில் வண்டி செய்துவந்த ஒபதையா எலியட் என்பவர் 1804-ஆம் ஆண்டில் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து இந்த ஏற்பாட்டில் பெரிய குறை எதையும் எவரும் கண்டதில்லை. குதிரையின் வேகத்தில் குறை தெரிவதற்கும் இடமில்லை. 1920களில், ஏறக்குறைய ஒரே சமயத்தில், இரண்டு சீர்திருத்தங்கள் வந்து சேர்ந்தன. அதுவரை பின் சக்கரங்களில் மட்டும் இருந்த பிரேக் முன் சக்கரங்களுக்கும் பரவி, முன் அச்சின் கனத்தைக் கூட்டியது. 1923-இல் ஃபயர்ஸ்டோன் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த பலூன் டயர், குறைந்த காற்றழுத்தத்தில் மெத்தென்று ஓடி, பிரயாணிகளின் முதுகெலும்புக்குப் பெரிய உபகாரம் செய்தது. உபகாரத்தின் பின்னாலேயே, அதுவரை அபூர்வமாக இருந்த ஒரு வியாதி ஊரெங்கும் பரவலாயிற்று. நேரான சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் முன் சக்கரங்கள் திடீரென இடமும் வலமுமாக அடித்துக்கொள்ளத் தொடங்கும். வேகத்தைக் குறைத்தாலன்றி ஓயாது.

சுழலும் சக்கரம் ஒரு பம்பரம். சுழலும் பம்பரத்தை ஒரு பக்கம் சாய்க்கப் பார்த்தால் அது அந்தப் பக்கம் சாயாமல் குறுக்குத் திசையில் நகரும் என்பது, பம்பரம் விட்டு வளர்ந்தவர்கள் அனைவரும் கண்ணால் கண்டது. ஒரே அச்சில் பூட்டிய இரண்டு சக்கரங்களில் இடது சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறுமாயின் அச்சு முழுவதும் வலப்புறம் சாய்கிறது. அது சாயவே, சுழன்றுகொண்டிருக்கும் சக்கரங்கள் இரண்டும் தாம் திரும்புவதற்கு ஆதாரமான கிங்பின் என்னும் ஊசியைச் சுற்றி ஒருபுறமாகத் திரும்ப முனைகின்றன. அவ்விதம் திரும்பினால், அந்தத் திரும்புதலே அச்சை எதிர்ப்புறம் சாய்க்கிறது. அந்தச் சாய்வு மீண்டும் சக்கரங்களை மறுபுறம் திருப்புகிறது. ஒன்றையொன்று தூண்டிவிடும் இந்த இரண்டு அசைவுகளின் தாளமும், டயரின் நெகிழ்ச்சியும், அச்சின் கனமும் ஏதோ ஒரு வேகத்தில் ஒத்துப்போகையில், எஞ்சினின் பலத்திலிருந்தே ஆகாரம் பெற்று உதறல் வளர்ந்துகொண்டே போகிறது. பிரான்ஸ் தேசத்தில் ஜார்ஜ் ப்ரூலியே என்னும் எஞ்சினீயர் 1925-லேயே இவ்விஷயத்தை ஆராய்ந்து எழுதினார். அதைவிட முக்கியமான பலன், ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் அமெரிக்கத் தொழிற்சாலையில் பணியாற்றிவிட்டு 1930-இல் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த காடிலாக்கில் வந்து சேர்ந்த மாரிஸ் ஆலியின் பரிசோதனைகளால் விளைந்தது. வண்டியில் எடைகளை இடம் மாற்றி மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்த அவர், பிரயாணம் சுகமாக இருக்க வேண்டுமானால் முன் வில்கள் மிருதுவாக இருந்தே தீர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் குறுக்கச்சு இருக்கும் வரையில், வில்லை மிருதுவாக்கினால் உதறல் தலைதூக்கும். உதறலை அடக்க வில்லை இறுக்கினால் வண்டி தூக்கிப் போடும். ஆகவே குறுக்கச்சையே துறந்துவிட்டு, ஒவ்வொரு முன் சக்கரத்தையும் தனித்தனியே தொங்கவிடும் ஏற்பாட்டுடன் 1934-ஆம் வருஷத்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் வெளிவந்தன. அதன் பின்னர் கார் உலகம் அந்த வியாதியை ஏறக்குறைய மறந்தே போயிற்று.

நான்கு சக்கர விசை வண்டிகள் மறக்கவில்லை. மறக்க அவற்றுக்கு வழியில்லை. முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், திரும்பிய நிலையிலேயே விசையை வாங்கிச் சுழலவும் வேண்டும் என்ற இரட்டை நிபந்தனையைத் தீர்ப்பதே அந்தக் காலத்தில் பெரும்பாடாக இருந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்துக் கிளின்டன்வில் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த ஆட்டோ ஸாக்கோவும் அவருடைய மைத்துனர் வில்லியம் பெஸர்டிச்சும், இரட்டைக் கவை மூட்டு ஒன்றை உருண்டைக் குழிவுக்குள் அடைத்து அந்தப் பிரச்னைக்கு வழி கண்டு, 1908-இல் காப்புரிமை பெற்றார்கள். அவர்கள் தொடங்கிய கம்பெனியின் டிரக்குகள் முதல் உலக யுத்தத்தில் ஆயிரக்கணக்கில் பிரான்ஸின் சேற்றில் உழன்றன. கட்டி ரப்பர் டயர்களோடு, மனிதன் ஓடும் வேகத்தைச் சற்றே மிஞ்சிய வேகத்தில் போன அந்த வண்டிகளில் உதறலைப் பற்றிப் புகார் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நான்கு சக்கர விசையோடு வேகமும் குறுக்கச்சும் பெருவாரியாக ஒரே வண்டியில் வந்து கூடியது ஜீப்பில்தான். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு அழைப்பு விடுத்து, நாற்பத்தொன்பது நாட்களுக்குள் மாதிரி வண்டி வேண்டும் என்று நிபந்தனை விதித்தபோது, பென்சில்வேனியாவில் பட்லர் நகரத்துப் பாண்டம் என்ற சிறு கம்பெனிக்காகக் கார்ல் ப்ராப்ஸ்ட் சில நாட்களுக்குள் படம் வரைந்து முடித்தார். அவ்வளவு அவசரத்தில் பிறந்த வண்டிக்கு, ஆறாண்டுகளுக்கு முன் கார்கள் கைவிட்ட குறுக்கச்சையே கொடுத்தார்கள் என்பதில் வியப்பில்லை. அவசரம் இல்லாதிருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்; ஏனெனில் ஒரு சக்கரம் குழிக்குள் இறங்குகையில் மறு சக்கரத்தைத் தரையில் அழுத்திப் பிடிப்பதிலும், அடிவயிற்றைப் பாறையிலிருந்து காப்பதிலும், கரடுமுரடான உபயோகத்தைத் தாங்குவதிலும் குறுக்கச்சுக்கு ஈடான அமைப்பு அன்று வேறெதுவும் இல்லை. அதற்கு விலையாக உதறலை ஏற்றுக்கொண்டார்கள்.

வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் யுத்தகாலத்தில் ஆறு லட்சத்துக்கும் மேலாக உற்பத்தி செய்த அந்த ஜீப்பில், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் தண்டு நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. அச்சின் நடுவில் ஓர் ஊசியில் சுழலும் மடக்குக் கையொன்றில் வந்து முடிகிறது. அங்கிருந்து இரண்டு டை ராடுகள் இருபுறமும் பிரிந்து சக்கரங்களைத் திருப்புகின்றன. நடுவிலுள்ள அந்த ஊசி தேய்ந்து ஒரு மயிரிழை இடைவெளி கண்டாலும், அது சக்கர முனையில் பெருகி உதறலுக்குக் கதவைத் திறந்துவிடும். பழைய ஜீப்புகளைப் பழக்கியவர்கள், சக்கரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த மடக்குக் கையைப் பார்ப்பார்கள்.

யுத்தம் முடிந்து உபரி ஜீப்புகள் பொதுமக்கள் கைக்கு வந்தபோது இன்னொரு தொல்லையும் வெளிப்பட்டது. பின் சக்கர விசையில் மட்டும் ஓடுகையிலும் முன் அச்சின் உறுப்புகளும் முன் ஷாஃப்ட்டும் சக்கரங்களோடு சேர்ந்து வீணே சுழன்று, தேய்ந்து, இரைந்துகொண்டிருந்தன. 1948-இல் ஆர்தர் வார்ன் என்பவர் முன் சக்கரங்களை வேண்டாதபோது விடுவித்துவைக்கும் பூட்டுக் குடங்களை (ஹப்) செய்து விற்கத் தொடங்கியது இதற்குப் பரிகாரமாகவே. இந்தியாவில், 1945-இல் மஹிந்திரா அண்டு முகம்மது என்ற பெயரில் தொடங்கி, தேசப் பிரிவினைக்குப் பின் 1948-இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர் மாறிய கம்பெனி, வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்கலாயிற்று. அந்த வம்சத்து வண்டிகள்தாம் இன்றைக்கும் போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்து செல்கின்றன. கைமாறிக் கைமாறி, எஞ்சின் மாறி, கியர்பெட்டி மாறி வரும் அந்த ஜீப்புகளை வைத்துப் பிழைக்கும் ஊரில் உதறலை அறியும் வித்தை நன்றாகவே வளர்ந்திருக்கிறது.

அங்கே ஒரு பட்டறையில் நான் கண்ட சோதனையைச் சொல்ல வேண்டும். வண்டிக்காரர் குறை சொல்லிக்கொண்டே வந்தார்: “வீல் பேலன்ஸ் பண்ணியாச்சு மேஸ்திரி, நாலு ஷாக்கும் மாத்தியாச்சு. அப்படியும் அறுபதுல உதறுது.” மேஸ்திரி, “மாத்தினதெல்லாம் நல்லாத்தான் இருக்கும் முதலாளி. மாத்தாததைப் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு, வண்டியை ஜாக்கியில் ஏற்றாமல், சக்கரங்கள் தரையில் பாரத்தோடு நிற்கும்படியே விட்டுவிட்டு, சாக்கை விரித்து அடியில் படுத்துக்கொண்டார். பையன் ஒருவன் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஒரு சாண் இடமும் ஒரு சாண் வலமுமாக விடாமல் ஆட்டினான். மேஸ்திரி கண்ணால் எதையும் தேடவில்லை. ஒவ்வொரு மூட்டிலும், அசைகின்ற பாகமும் அசையாத பாகமும் கூடும் கோட்டின்மேல் ஆள்காட்டி விரலைக் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு பாகங்களும் ஒன்றாக நகர்ந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் விரல்நுனியில் ‘டிக்’கென்று ஒரு கடி விழும். வலப்பக்கத்து டை ராடு முனையில் அந்தக் கடி விழுந்தது. அதன்பிறகே ஜாக்கியைக் கொண்டுவரச் சொல்லி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்து, கிங்பின் பேரிங்கின் இறுக்கத்தைப் பரிசீலித்தார். “போதுமாண்ணே?” என்று கேட்ட பையனுக்கு, “இன்னும் இறங்காதடா, மறுபக்கம் இருக்கு” என்று பதில் வந்தது. ஒரு குற்றம் அகப்பட்டவுடன் தேடலை நிறுத்துவதில்லை என்பது அங்கே நான் கவனித்த விசேஷம்.

நவீனப் பட்டறைகளில் இந்த வரிசை தலைகீழாகி, சக்கரங்களைப் பேலன்ஸ் இயந்திரத்தில் ஏற்றுவதிலிருந்து எல்லாம் தொடங்குகிறது. இயந்திரம் இருக்கிறது, ஆகையால் வேலை அங்கே ஆரம்பமாகிறது என்பதைத் தவிர வேறு நியாயம் இதற்கு எனக்குத் தெரியவில்லை. சக்கரத்தின் எடைப் பிசகு உதறலைத் தட்டி எழுப்பும், வாஸ்தவம். ஆனால் மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் எழுந்த உதறல் அடுத்த கணமே அடங்கிவிடும்.

ஸ்டியரிங்கில் தெரியாமல், பாதத்தின் அடியிலும் ஆசனத்திலும் உணரப்படும் நடுக்கம் வேறு ஜாதி. அதன் பூர்வோத்தரம் மோட்டார் வண்டிக்கும் இரண்டு நூற்றாண்டு முந்தியது. கோணலாகச் சந்திக்கும் இரண்டு தண்டுகளுக்கிடையே சுழற்சியைக் கடத்தும் சிலுவை மூட்டுக்கு இத்தாலியப் பண்டிதர் கார்டானோவின் பெயர் வழங்கினாலும், அதன் குணதோஷத்தைக் கணக்கிட்டுச் சொன்னவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். தள்ளும் தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும், தள்ளப்படும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைந்து இரண்டு முறை தயங்குகிறது. பத்துப் பாகைக் கோணத்தில் இந்த ஏற்றத்தாழ்வு நூற்றுக்கு ஒன்றரை வீதம்தான். இருபது பாகையில் ஆறு வீதமாகிவிடும். அதே ஹூக் 1683-இல் பரிகாரமும் சொன்னார்: நடுத்தண்டின் இரு முனைகளிலும் இரண்டு மூட்டுகளை முறையாக அமைத்தால், ஒன்று செய்யும் பிழையை மற்றொன்று நேர் செய்துவிடும். 1903-இல் கிளாரன்ஸ் ஸ்பைஸர், சங்கிலியை ஒழித்து மோட்டார் வண்டிக்கு இந்த மூட்டைத் தந்த காப்புரிமையைப் பெற்று, அடுத்த ஆண்டே நியூ ஜெர்ஸியில் உற்பத்தியைத் தொடங்கினார்.

ஆனால் ஹூக்கின் பரிகாரத்துக்கு இரண்டு நியமங்கள் உண்டு. இரு முனைகளிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும். இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஜீப் ஷாஃப்ட்டின் நீண்டு சுருங்கும் பகுதியில் இதற்காகவே இரு துண்டுகளிலும் அம்புக்குறி பொறித்திருப்பார்கள். மூட்டின் சிலுவையை (கிராஸ்) மாற்றுவதற்காகக் கழற்றியவர், கிரீஸும் மண்ணும் மூடிய அந்த அம்புக்குறியைத் துடைத்துப் பாராமல் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால், பிழையைப் பிழை தீர்ப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். கோணத்தின் நியமமோ, வண்டியை உயர்த்திப் பார்க்கும் மோகத்தால் அழிகிறது. முன்னாள் சொந்தக்காரர் பெரிய டயருக்கு ஆசைப்பட்டு வில்லின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக்கிக் கூடுதல் பட்டையும் போட்டிருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலுள்ள குட்டை ஷாஃப்ட்டின் சரிவு கூடி, கோணங்கள் சமன் குலைகின்றன. நீண்ட ஷாக்கிள் முன்புறத்தில் இன்னொரு கேட்டையும் செய்யும்: கிங்பின்னுக்கு ஆதியில் கொடுத்திருந்த மூன்று பாகைப் பின்சாய்வு குறைந்து, சக்கரம் தானாக நேருக்கு வரும் சுபாவத்தை இழக்கும். ஆப்புத் தகடு வைத்து அச்சைத் திருப்பி அதைச் சரிசெய்யப் போனால், முன் ஷாஃப்ட்டின் கோணம் கெடும்.

சக்கர உதறலையும் ஷாஃப்ட் நடுக்கத்தையும் பிரித்தறிய எளிய கணக்கு ஒன்று போதும். யுத்தகால ஜீப்பின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர் உருளும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு ஏழு சுற்றுக்குச் சற்று மேல்; அச்சின் பல்விகிதம் 4.88 ஆகையால் ஷாஃப்ட் சுழல்வது சுமார் முப்பத்தாறு சுற்று. மூட்டின் ஏற்றத்தாழ்வு சுற்றுக்கு இரண்டாகையால் எழுபத்திரண்டு. ஏழு துடிப்பைக் கண்ணால் காணலாம், கையால் எண்ணிவிடலாம் என்றே தோன்றும். முப்பத்தாறு, தரையில் குறுகுறுப்பாகத் தெரியும். எழுபத்திரண்டு, தகரம் முழுவதும் ரீங்காரமாகக் கேட்கும். சந்தேகம் தீராவிட்டால் நான்கு சக்கர விசை வண்டிக்கே உரிய ஓர் அனுகூலம் இருக்கிறது: முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பின் சக்கரங்களால் ஓட்டிப் பார்க்கலாம். நடுக்கம் போய்விட்டால் குற்றவாளி கழற்றி வைத்த இடத்தில் கிடக்கிறான்.

தூக்கிப் போடும் புகாருக்கு இவ்வளவு விஸ்தாரம் தேவையில்லை. பட்டை வில்லானது பாரம் ஏற்றிய நிலையைக் கருதியே செய்யப்பட்டது. காலி வண்டி கொஞ்சம் துள்ளத்தான் செய்யும். அளவுக்கு மீறித் துள்ளினால், பட்டைகள் ஒன்றோடொன்று துருப்பிடித்து ஒட்டிக்கொண்டனவா, ஷாக்கிள் கிரீஸ் காணாமல் இறுகிவிட்டதா, மூட்டை ஏற்றுவதற்காக எவரேனும் உபரிப் பட்டை சொருகினார்களா, டயரில் காற்று அதிகமா என்று பார்த்தால் விஷயம் முடிந்தது. கெட்டித் தார்ச்சாலையில் நான்கு சக்கர விசையைப் போட்டபடியே வளைவு திரும்பி, முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வழி ஓட வேண்டியிருப்பதால் உண்டாகும் இழுபறியை வண்டியின் கோளாறு என்று எண்ணிப் பட்டறைக்கு வருபவர்களும் உண்டு. லீவரைத் தள்ளிவிட்டால் வைத்தியம் தீர்ந்தது.

ஆலி அசாத்தியம் என்று கைவிட்ட சேர்க்கையை, அதாவது குறுக்கச்சும் மிருதுவான வில்லும் ஒரே வண்டியில் கூடுவதை, பிற்காலத்தார் மறுபடியும் முயன்றார்கள். 1966-ஆம் வருஷத்து மாடலான ஃபோர்டு பிராங்கோ முன் அச்சுக்குச் சுருள் வில்லைத் தந்தது; 1970-இல் ஸ்பென்ஸர் கிங் வடிவமைத்த ரேஞ்ச் ரோவர் நான்கு மூலைகளிலும் சுருள் வில்லோடு, கார் போன்ற சுகத்துடன் வெளிவந்தது; 1983-இல் லாண்ட் ரோவர் ஒன் டென்னும், 1996-இல் டிஜே என்ற ஜீப் ராங்ளரும் அவ்வழியே வந்தன. பட்டை வில் அச்சைத் தாங்குவதோடு அது பக்கவாட்டில் நகராமலும் பிடித்துவைத்திருந்தது. சுருள் வில்லால் அந்த இரண்டாவது காரியம் ஆகாது. ஆகவே சட்டத்தின் ஒரு புறத்திலிருந்து அச்சின் மறுபுறத்துக்குக் குறுக்கே ஒரு பானார்ட் தண்டு போட வேண்டியதாயிற்று. முன் அச்சின் ஒழுக்கம் முழுவதும் அந்த ஒற்றைத் தண்டையும் அதன் இரு முனைகளிலுள்ள ரப்பர் புஷ்களையும் போல்ட்டுகளையும் நம்பியிருக்கிறது. அவை உறுதியாக இருக்கும் வரையில் 1920களின் வியாதி தலைகாட்டுவதில்லை. தளர்ந்தால், ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கிய மாத்திரத்தில், ஓட்டுபவர் உயிரைக் கையில் பிடித்துக்கொள்ளும்படியான ஆவேசத்தோடு அது திரும்பி வருகிறது.

இத்தகைய பழைய டிரக்கை வாங்குபவர் அந்தத் தண்டின் போல்ட்டை ஒருமுறை முழுவதும் கழற்றிப் பார்ப்பது உத்தமம். ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்க்கையில் புஷ் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், தளர்ந்த போல்ட் வருஷக்கணக்கில் இடித்து இடித்து, தாங்கியின் துவாரம் வட்டம் குலைந்து முட்டை வடிவமாகியிருக்கக் கூடும். அப்படியாகியிருந்தால் எத்தனை இறுக்கினாலும் நிற்காது. சரியான துவாரமுள்ள கெட்டித் தகட்டைத் தாங்கியின்மேல் வைத்து வெல்டு செய்து, புதிய போல்ட் போட வேண்டும். செலவு சொற்பம். இதைச் செய்யாமல் ஸ்டியரிங்குக்குப் புதிய டாம்பர் ஒன்றை மாட்டி உதறலை மறைத்து விற்பவர்கள் அதிகம். ஆகையால் முன்புறத்தில் மற்றதெல்லாம் துருவேறிக் கிடக்க, டாம்பர் மட்டும் பெயிண்ட் மினுங்கப் புதிதாக இருக்குமானால், விலை பேசுவதற்கு முன் அந்த டாம்பரின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத சாலையில் மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டி ஓட்டிக் காட்டும்படி விற்பவரையே கேட்கலாம்.